மாமா கேட்ட கேள்வியும் விப்ரியோ ஜீனோமும்

புன்னக்காயல்ல தாமிரபரணி கடல்ல சேருற எடத்துல தண்ணி உப்பும் நல்லதும் கலந்து கெடக்கும்லா, விப்ரியோ பாக்டீரியாவுக்கு அந்த மாதிரி எடம்னா கொண்டாட்டம்தான். "கிருமி கிருமிங்க, நாங்க காலங்காலமா இந்த மீனத்தானே திங்கோம், ஒண்ணும் ஆவலியே"ன்னு மாமா கேட்டாவ. கொதிக்கிற குழம்புல அது செத்துரும், அது ஒரு வெசயம். இன்னொண்ணு, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்னு பேரு ஒண்ணா இருந்தாலும் எல்லாம் ஒரே ரகம் கெடையாது, தண்ணில கெடக்கதுல பெரும்பாலானதுக்கு டிடிஹெச்ங்கிற நச்சு ஜீனே இருக்காது.

மைக்ராஸ்கோப்ல பாத்தா நச்சு ஜீன் இருக்கதும் இல்லாததும் ஒண்ணு போலத்தான் தெரியும். அதான் டிஎன்ஏவ முழுசா சீக்வென்ஸ் பண்ணி, அதாவது எழுத்தெழுத்தா படிச்சு, ஏற்கெனவே தெரிஞ்ச நோய் ஜீன்களோட டேட்டாபேஸ்ல ஒப்பிட்டுப் பாக்காவ. 1950ல ஜப்பான் ஒசாகால நெறைய பேரு செத்தப்போ கண்டுபிடிச்ச கிருமி இது, அதோட முழு ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏவோட எழுத்து வரிசை, வந்தது 2003ல. இதுக்கு ரெண்டு குரோமோசோம், ரெண்டாவதுல ஒரு பகுதில மட்டும் ஜிசி (டிஎன்ஏ எழுத்துல ஜி, சிங்கிற ரெண்டோட) அளவு கொறைவா இருந்துச்சு, அப்படின்னா வெளிய இருந்து வந்து ஒட்டுன சரக்குன்னு அர்த்தம், டிடிஹெச்சும், நம்ம செல்லுக்குள்ள ஊசி மாதிரி புரோட்டீன ஏத்துற ரெண்டு அமைப்புல ஒண்ணும் அங்கதான் இருக்கு!

இறால் பண்ணைக்காரங்கள அழ வெக்கிற பிர்ஏ, பிர்பிங்கிற நச்சு ஜீன் குரோமோசோம்ல கெடையாது, பிளாஸ்மிட்னு தனியா கெடக்க ஒரு குட்டி டிஎன்ஏ வளையத்துல இருக்கு. ஆனா ஜீன் இருந்தும் நச்ச உண்டாக்காத ரகமும் உண்டு, அதனால கம்ப்யூட்டர் சொன்னத மட்டும் நம்ப முடியாது, இறாலுக்கே குடுத்துப் பாக்கணும்.