ஜாவாவில் ஒரு பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்தது

பல வருடங்களில் பல பேர் தட்டச்சு செய்த உறுப்பினர் பட்டியல்கள் சில என்னிடம் வந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும், ஒரே ஆள் இரண்டு முறை வரக்கூடாது. அவ்வளவுதான் வேலை. ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதத் தொடங்கினேன்.

முதலில் வரிகளைப் பிரிப்பது. பெயர், ஊர், மின்னஞ்சல், தொலைபேசி என்று புலங்களுக்கு நடுவே செங்குத்துக் கோடு போட்டிருந்தார்கள். வரியைத் துண்டாக்கும் ஸ்பிளிட் மெத்தட் (மெத்தட் என்றால் ஒரு வேலையைச் செய்யும் கட்டளை) தனக்குக் கொடுப்பதை ரெகெக்ஸாகத்தான், அதாவது எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமொழியாகத்தான் படிக்கும். அதில் அந்தக் கோட்டுக்கு ‘அல்லது’ என்று பொருள். அப்படியே கொடுத்தால் வரி ஒவ்வொரு குறியாகச் சிதறிவிடும், அதனால் கோட்டுக்கு முன் இரண்டு பின்சாய்கோடு வேண்டும். அப்புறம், வரியின் கடைசிப் புலம் காலியாக இருந்தால் ஸ்பிளிட் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தொலைபேசி எண் இல்லாதவர்களுக்கு கிடைத்த அரேயில், அதாவது புலங்களின் வரிசையில், ஒன்று குறைவாக வந்தது. ஸ்பிளிட்டுக்கு இரண்டாவது ஆர்கியுமென்ட்டாக (கூடவே கொடுக்கும் மதிப்பாக) -1 கொடுத்ததும் சரியானது.

அடுத்தது இடைவெளி. ஓர இடைவெளிகளை வெட்டும் டிரிம் போட்ட பிறகும் சில பெயர்களின் வாலில் இடைவெளி ஒட்டிக்கொண்டே இருந்தது. ஜாவா 11ல் வந்த ஸ்ட்ரிப், யுனிகோட் (எல்லா மொழிக் குறிகளுக்கும் எண் தரும் தரநிலை) இடைவெளிகளையும் நீக்கும் என்பதால் அதற்கு மாறினேன். அதற்கும் போகவில்லை! ஒவ்வொரு குறியின் எண்ணையும் அச்சிட்டுப் பார்த்தால், வாலில் 160. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது அடிக்கடி கூடவே வரும் ‘உடையாத இடைவெளி’ அது. டிரிம் 32 வரை எண்ணுள்ள குறிகளைத்தான் வெட்டும். ஸ்ட்ரிப், ஜாவா வைட்ஸ்பேஸ் (வெற்றிடம்) என்று ஏற்பவற்றை மட்டும் வெட்டும். 160 அதில் சேராது. அதை ரீப்ளேஸ் மூலம் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு, பிறகு ஸ்ட்ரிப் போட்டேன். ஸ்ட்ரிங், அதாவது ஜாவாவின் எழுத்துச் சரம், தன்னை மாற்றிக்கொள்ளாது, புதிய ஸ்ட்ரிங்கைத்தான் திருப்பித் தரும் என்பதால் விடையை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘கோமதி’ இரண்டு முறை வந்தார். இரண்டும் ஒன்றா என்று ஈக்குவல்ஸ் போட்டால் ஃபால்ஸ், அதாவது இல்லை. ஒன்றின் நீளம் 5, மற்றது 6. திரையில் உற்று உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். எந்த விசைப்பலகை எதை உள்ளிட்டதோ! ஜாவாவின் நார்மலைசர் என்ற வகுப்பில் (கிளாஸ்) என்எஃப்சி, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் வடிவம் கேட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். தமிழ்த் தரவில் கை வைப்பவர்கள் ஒப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பேன். பாடங்களில் இதை ஏன் கடைசியில் தள்ளுகிறார்களோ தெரியவில்லை.

நீளம் என்றதும் இன்னொன்று. ‘தமிழ்’ என்பதில் நாம் பார்ப்பது மூன்று எழுத்து. நீளத்தைத் தரும் லெங்த் சொல்வது 5, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். அறிக்கையில் பெயர் நெடுவரிசை குறுகலாக இருந்ததால் நீளமான பெயர்களை வெட்ட வேண்டியிருந்தது. ஸ்ட்ரிங்கின் ஒரு பகுதியைத் தரும் சப்ஸ்ட்ரிங்கில், முதல் இரண்டு வேண்டும் என்று 0, 2 கொடுத்தால் ‘தமி’ வராது, ‘தம’தான் வரும். வெட்டியது தெரியாமலே பெயர் மாறிவிடும் என்பதுதான் வம்பு. ஜாவா 9 முதல் ரெகெக்ஸில் பின்சாய்கோடும் ஆங்கிலப் பெரிய எக்ஸும் சேர்த்து எழுதினால், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை முழுசாகப் பிடிக்கும். அதை வைத்து எண்ணி வெட்டினேன். வேடிக்கைக்கு, ஸ்ட்ரிங்குகளைத் துண்டு துண்டாகச் சேர்க்க உதவும் ஸ்ட்ரிங்பில்டரின் ரிவர்ஸில் (தலைகீழாக்கும் மெத்தட்) ‘தமிழ்’ என்று கொடுத்துப் பாருங்கள்: புள்ளி முன்னால் அநாதையாக நிற்கும், இகரம் ழகரத்தில் போய் ஏறிக்கொள்ளும்.

மற்றவை சிக்கல் இல்லாதவை. மின்னஞ்சல்களைச் சிறிய எழுத்தாக்கும்போது லொகேல் ரூட் (எந்த மொழி அமைப்பையும் சாராத விதி) கொடுத்தேன். இல்லையென்றால் துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் ஆங்கிலப் பெரிய ஐ (I), புள்ளியில்லாத சின்ன ஐ (ı) ஆகிவிடும். வெளியீட்டைச் சேர்க்க ஸ்ட்ரிங்பில்டர், ஏனென்றால் லூப்புக்குள் கூட்டல் குறி போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்தது முழுக்க மறுபடி நகலாகும். சுத்தம் செய்த பெயரை ஒப்பிடும் சாவியாக மட்டும் வைத்துக்கொண்டு, மூல வரியை அப்படியே விட்டேன்.

சண்முகமும் ஷண்முகமும் ஒரே ஆளா என்று எந்த மெத்தடும் சொல்லாது. தொலைபேசி எண் ஒன்றாக இருந்து பெயர் வேறுபட்ட வரிகளைத் தனிக் கோப்பில் எழுதி, பட்டியலைத் தந்தவர்களிடமே அனுப்பிவிட்டேன்.