டெலிவரி வேலையில் கால் உடைந்தால்: ஆஸ்பத்திரி சீட்டை வாங்கியதும் படித்துப் பாருங்கள்

எலும்பு கூடிவிட்டது, காப்பீட்டுப் பணமும் ஒருவழியாக வந்துவிட்டது. ஆனால் நடுவில் அலையவிட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பார்சலோடு படி இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. சுளுக்குதான், ஐஸ் வை என்றார்கள் கூட ஓட்டுபவர்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அடிபட்ட காலை ஊன்றி நாலடி வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அல்லது பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தியிருக்கும் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எக்ஸ்ரே தேவையா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் பார்க்கும் ஒட்டாவா விதிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. எனக்கு உடைந்தது அந்த வெளி ஓர எலும்புதான். மாவுக்கட்டு, ஊன்றுகோல், ஓய்வு எல்லாம் வழக்கம்போல.

வம்பு அப்புறம்தான். காப்பீட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. அவசரப் பிரிவுச் சீட்டில் ‘படியில் தவறி விழுந்தார்’ என்று மட்டும் இருந்ததாம். "வீட்டுப் படியாகவும் இருக்கலாமே" என்றார் அலுவலர். டெலிவரியில் இருந்தேன் என்று நான் சொன்னதை எழுதியவர் விட்டிருக்கிறார்! திருத்தக் கேட்டுப் போனால், ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார். டாக்டருக்கு அன்று டூட்டி இல்லை. ஊன்றுகோலோடு திரும்பினேன். பிறகு அவரைப் பிடித்தபோது ஐந்து நிமிட வேலை: பழைய வரியை அடிக்காமல், கீழே தேதியிட்டு ‘வேலையின்போது, பொருள் கொடுக்கச் சென்ற இடத்தில்’ என்று சேர்த்துக் கையெழுத்திட்டார். அதுதான் சரியான முறை. அடித்துத் திருத்திய சீட்டு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும்.

அடுத்து, விபத்து நேரத்தில் நான் டெலிவரி ஆப்பில் ஆஃப்லைனில் இருந்தேன் என்று ஒரு கேள்வி. விழுந்த பிறகுதானே ஆஃப்லைன் போனேன்! நல்லவேளை, படியில் உட்கார்ந்தபடியே ஆர்டர் திரையை நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அலுவலர் பேச்சை நிறுத்தினார். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. நீங்களும் லாக் அவுட் செய்வதற்கு முன் எடுத்துவிடுங்கள். விபத்து நடந்ததைப் போனில் சொன்னாலும் எழுத்திலும் அனுப்பி வையுங்கள்.

கட்டுப் போட்டிருக்கும்போது கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

வேலைக்குத் திரும்பும் சான்றிதழில் ‘தகுதியானவர்’ என்று மட்டும் வாங்காதீர்கள். படி ஏறலாமா, எவ்வளவு எடை தூக்கலாம், வண்டி ஓட்டலாமா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.