ஆறு முதல் பன்னிரண்டு வரை

மே 7
மழை இல்லை. நாளை மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட். பாப்பா சாயங்காலம் முழுக்க மிளகுக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிய பைகளுக்கே திரும்பவும் ஊற்றினாள். கன்று அழுகிவிடும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மே 8
மழை 35 சென்ட் (நூறு சென்ட் ஓர் அங்குலம்). ராத்திரி பெய்தது.
519. தமிழ் 93, ஆங்கிலம் 78, கணக்கு 81, இயற்பியல் 84, வேதியியல் 88, உயிரியல் 95. எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்காமல் ஏற்காடு ஒண்டிக்கடை வரை பைக்கில் போய், ரவுண்டானா ஓரத்தில் நின்றபடி பார்த்தோம். உயிரியல் மார்க்கை இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.
வீடு வருவதற்குள் ஏழு பேர் கேட்டார்கள், கட்-ஆஃப் எவ்வளவு என்று. 519 யாருக்கும் வேண்டாம். கணக்கு முழுசாக, இயற்பியல், வேதியியல் இரண்டிலும் பாதி. 81, 42, 44. ஆக 167. நானும் எல்லாரிடமும் 167, 167 என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் பாப்பா, "நான் இன்ஜினியரிங் கேக்கவே இல்லையேப்பா" என்றாள்.

மே 9
எஸ்டேட்டைப் பார்க்கப் பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். மூன்று கார்.

மே 11
மழை 10 சென்ட். கணக்கில் சேர்க்கவே வெட்கமான மழை.
ஒரு தனியார் கல்லூரியிலிருந்து போன். "சார், உங்க பொண்ணுக்கு ஐம்பது சதவீதம் ஸ்காலர்ஷிப் ஓகே ஆயிடுச்சு." நாங்கள் எங்கேயும் எழுதிப் போடவே இல்லை. என் நம்பர் யார் கொடுத்தது என்று கேட்டால், வாழ்த்துகள் என்கிறான். வேளாண்மை இருக்கிறதா என்றால் இருக்கிறது, தோட்டக்கலை இருக்கிறதா என்றால் அதுவும் இருக்கிறது, விண்வெளி என்று கேட்டிருந்தால் அதுவும் இருந்திருக்கும். மீதிப் பாதி எவ்வளவு என்று நான்காவது தடவை கேட்டபோதுதான் தொகை வாயில் வந்தது. போனை வைத்துவிட்டு ஆள் பேர் எழுதும் செக்ரோலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பாதிக்கே என் இரண்டு வருஷச் சம்பளம் பத்தாது.

மே 14
மழை இல்லை. வெயிலும் இல்லை. மூடுபனி.
பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு. முதலில் மருத்துவத்துக்கு வந்தது, 2021 இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். மாதா மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் வேறு. நான் ஒரு வாரமாக மனசுக்குள் இந்தக் கணக்கிலேயே இருந்தேன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம், 7.5, விடுதி, ஆயிரம் ரூபாய். முடிந்தது என்றே வைத்திருந்தேன்.
சார் கேட்டார், "ஆறாம் வகுப்பு எங்க படிச்சா?"
ஏழிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேதான் சார்.
"நான் ஆறாம் வகுப்பைக் கேட்டேன்."
படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கட்டம், ஏழு கட்டம். பாப்பாவுக்கு ஆறு கட்டம் நிரம்பும். முதல் கட்டத்தில் நான் சேர்த்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருக்கிறது. டை, பெல்ட், ஷூ, வேன். அந்த வருஷம் மிளகு நல்ல விலை போனது, முதலாளி போனஸ் கொடுத்தார், நான் பெரிய ஆளானேன். அடுத்த வருஷம் மிளகு விழுந்தது, நான்காம் தவணை கட்ட முடியவில்லை, கூட்டிக்கொண்டு வந்து அரசுப் பள்ளியில் விட்டேன். அப்போது இந்தச் சட்டமே கிடையாது. அவள் ஒன்பதாவது படிக்கும்போதுதான் வந்தது. அது தெரிந்தும் மனசு கேட்கவில்லை.
சார் நல்லவர். "எத்தனை பேர் இப்படி வர்றாங்க தெரியுமா?" என்றார். எனக்கு மற்றவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.
அவள் திரும்பி வரும் வழியில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மே 15
மழை 60 சென்ட். அந்த டையை இவள், பாப்பாவின் அம்மா, இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

மே 19
மழை பார்க்கவில்லை, ஊரில் இல்லை.
அந்தப் போன்காரன் விடவில்லை. சரி, பார்ப்பதற்குக் காசா பணமா என்று போனோம். சேலம் ஐந்து ரோட்டிலிருந்து ஏசி பஸ். கேட்டில் பாப்பா பெயர் எழுதின அட்டை. ஒரு பெண் இங்கிலீஷில் பேசிக்கொண்டே சுற்றிக் காட்டினாள். லிப்ட், நீச்சல் குளம், சினிமா தியேட்டர் மாதிரி ஒரு ஹால். எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆறாம் வகுப்பு ஆசை அதேதான். வேன் பஸ்ஸாகிவிட்டது, அவ்வளவுதான்.
பாப்பா அவ்வளவு நேரத்தில் கேட்டது ஒரே கேள்வி: "நிலம் எங்கேங்க?"
கூட்டிப் போய்க் காட்டினார்கள். ஒரு நிழல்வலைக் கூடாரம், உள்ளே சாமந்தித் தொட்டிகள். வெளியே இரண்டு பாத்தி வெண்டை. எங்கள் கோயில் பின்னால் பூசாரி போட்டிருப்பது இதைவிடப் பெரிது.
நான் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் இருக்கிறதா என்றேன். வேளாண் படிப்பு என்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எங்கள் உரக்கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அது இல்லாத இடத்தில் படித்தால் மேற்படிப்புக்கு ஐ.சி.ஏ.ஆர். பரீட்சைக்குள்ளேயே நுழைய முடியாது. "அப்ளை பண்ணியிருக்கோம் சார், வந்துடும்" என்றார்கள். வந்துவிடுமாம். அதற்குள் பாப்பா நாலு வருஷம் முடித்துவிடுவாள்.
மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

மே 23
மழை 1 அங்குலம் 5 சென்ட். கோடை விழாக் கூட்டம், மலையில் வண்டி ஊர்கிறது. அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியை உள்ளூர்க்காரர்கள் நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மே 27
மழை இல்லை.
மச்சான் ஏத்தாப்பூரிலிருந்து வந்தான், ஒரு மூட்டை குச்சிக்கிழங்கோடு. அரசுப் பல்கலைக்கழகமே வேண்டாம் என்கிறான். "பேப்பர் படிக்கிறதில்லையா மாமா? துணைவேந்தரே இல்லாம எத்தனை பல்கலைக்கழகம் கிடக்குது. கவர்னர் ஒரு பக்கம் இழுக்கறார், கவர்மெண்ட் ஒரு பக்கம் இழுக்குது. காலேஜ்ல பாதி வாத்தியாருங்க கௌரவ விரிவுரையாளருங்க. பரீட்சை எப்ப, பட்டம் எப்ப?"
அவன் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவன் கொண்டுவந்த கிழங்கு ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்து ரகம். அந்த நிலையம் கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தின் கிளை. அதை நட்டு, அதை விற்று, அந்தக் காசில்தான் போன வருஷம் டிராக்டர் எடுத்தான். இதைச் சொன்னேன். "அது வேற" என்றான். எது வேறு என்று சொல்லவில்லை, கிழங்கு வெந்துவிட்டது.
துணைவேந்தர் இல்லை என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இந்த எஸ்டேட்டுக்கு முதலாளி வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறார். ரைட்டர் ஒருவன் காலையில் பேர் எழுதினால் வேலை நடக்கிறது. வாத்தியார் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

மே 28
மச்சான் போகும்போது பாப்பா கையில் இரண்டாயிரம் வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 2
மழை 22 சென்ட்.
பாப்பாவை ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். வருஷா வருஷம் மிளகுக் கன்றுக்காக நான் போய் நிற்கும் இடம்தான். வாசலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்று எழுதியிருக்கிறது. இருபது வருஷமாக அந்தப் போர்டுக்குக் கீழே வண்டியை நிறுத்துகிறேன், அங்கே கன்று வாங்குகிறோம் என்றுதான் நினைத்திருக்கிறேனே தவிர, இது ஒரு பல்கலைக்கழகம் என்று தோன்றியதில்லை.
அங்கிருக்கும் மேடத்திடம் சொன்னேன். என்னை விட்டுவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்துவிட்டார். ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்து விதைப்பிலிருந்து அறுப்பு வரை செய்யச் சொல்வார்களாம், கடைசி வருஷம் கிராமத்தில் போய்த் தங்க வேண்டுமாம். வெயில் பார்க்காமல் படிக்கிற படிப்பு இல்லை, விடியக்காலம் வயலில் நிற்கிற படிப்பு என்றார். பாப்பா, மிளகில் வாடல் நோய் வரும் கொடியை மழைக்கு முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டாள். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை அதை. இத்தனைக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் போன வருஷம் பதினோரு கொடி வாடிப்போனது.
கிளம்பும்போது மேடம் இன்னொன்று சொன்னார். வேளாண்மையும் தோட்டக்கலையும் கோயம்புத்தூரில் தமிழ்வழியில்கூட 2021 இல் தொடங்கினார்களாம்.
தமிழ்வழியில்.
இங்கிலீஷ் வராவிட்டால் பெரிய படிப்பு படிக்க முடியாது என்று சொல்லித்தானே அந்த டையை வாங்கினேன்.

ஜூன் 3
தூக்கமில்லை. மழை 48.

ஜூன் 9
மழை இல்லை.
சேலம் அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் கிடைத்துவிட்டது. செரி ரோட்டில் மரத்தடியில் நூறு அப்பாக்கள், எல்லார் கையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் பை. கட்டிய பணம் இரண்டு மூட்டை டிஏபி உர விலை. திரும்பத் திரும்ப ரசீதைப் பார்த்தேன், ஒரு சைபர் விட்டிருப்பார்களோ என்று.
இங்கே படித்தால் பட்டம் பெரியார் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாலு மாவட்டத்துக்கும் அதுதான். தனியார் கலைக் கல்லூரி, அரசுக் கலைக் கல்லூரி, எதில் படித்தாலும் சான்றிதழ் தலைப்பில் அதே பெயர். பெங்களூர் ரோட்டில் கருப்பூர் வளாகம் இருக்கிறதே, அங்கே பெரும்பாலும் எம்.ஏ., எம்.எஸ்சி. தான். பல்கலைக்கழகத்தில் சேர்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. 1997 இல் அது ஆரம்பித்தபோது நான் இதே செரி ரோட்டில் ஒரு கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன்.
ஒரிஜினல் டி.சி. கொடுத்துவிட்டோம். வேளாண்மை கிடைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள்.
காலை பஸ், சாயங்காலம் பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, இருபது ஏறி. பாப்பாவுக்கு நான்காவது வளைவிலேயே வாந்தி. பழகிவிடும் என்கிறாள். பழகுமா?

ஜூன் 14
பெங்களூர்க்காரர்களின் சர்வேயர் வந்து கல் நட்டார். ஒரு கல் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேராக.

ஜூன் 15
மழை 70 சென்ட். இவள் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறாள்.

ஜூன் 26
மழை 31 சென்ட்.
வேளாண் பல்கலைக்கழக ரேங்க் வந்தது. நம்பரை இங்கே எழுத மாட்டேன். உரக்கடைக்காரர் பார்த்துவிட்டு, அரசுக் கல்லூரி எல்லையில் நிற்கிறது, இந்தப் பக்கமும் விழலாம் அந்தப் பக்கமும் விழலாம் என்றார். பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி என்றால் நிச்சயம். அதே பட்டம், அதே பாடம், அதே பரீட்சை. கட்டணம் மட்டும் வேறு.
7.5 இருந்திருந்தால் இந்த நம்பருக்கு, என்று ஆரம்பித்தார். போதும் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 27
உரக்கடைக்குப் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் நினைக்கவில்லை.

ஜூலை 3
மழை 1 அங்குலம் 18 சென்ட்.
ராத்திரி விருப்பப் பட்டியல் போட உட்கார்ந்தோம். ஒண்டிக்கடை பிரவுசிங் சென்டரில் வேண்டாம், வீட்டிலேயே என்றாள். ஜன்னலைத் திறந்தால்தான் சிக்னல், திறந்தால் சாரல். இவள் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.
கோயம்புத்தூர் தோட்டக்கலை. பெரியகுளம் தோட்டக்கலை. மேட்டுப்பாளையம் வனவியல். அதற்கப்புறம் தனியார் கல்லூரிகளை வரிசையாகப் போடு என்றேன். அவள் கை நகரவில்லை.
"போடும்மா, கிடைச்சா பாத்துக்கலாம்."
"வேண்டாம்ப்பா. இது இல்லேன்னா பாட்டனி."
"கடன் வாங்கறது என் பாடு."
"எங்க இருந்துகிட்டு வாங்குவீங்க?"
ஜன்னலுக்கு வெளியே இருட்டு. கல் தெரியவில்லை.
இவள் குடையை மடக்கினாள். நான் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து, மழை நின்றிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி திண்ணையில் நின்றேன். உள்ளே கீபோர்டு சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மூன்று போட்டாளா, மேலும் போட்டாளா, நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஜூலை 4
லாக் பண்ணிவிட்டாளாம்.

ஜூலை 6
மழை 15.
அந்தப் போன்காரன் மறுபடியும். இப்போது எழுபது சதவீதமாம்.

ஜூலை 8
ரெயின்கேஜ் பார்க்க மறந்தேன், இருபது வருஷத்தில் முதல் தடவை. பாப்பா பார்த்து செக்ரோல் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள், 54 என்று. முதலாளி நாளை வருகிறார், பதினொரு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். சீட் ஒதுக்கீடும் நாளைதான்.