நடுவில் ஒரு மண்டபம்

எங்கள் இரண்டு கட்டடங்களுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர். சாலையைத் தோண்டி ஃபைபர் போட அனுமதி கிடைக்கவில்லை, அதனால் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி லேசர் வைத்தோம். 1550 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. காலையில் ஒழுங்காக ஓடும். பதினொன்றரைக்கு மேல் ரிசீவரில் சிக்னல் பேய் பிடித்த மாதிரி ஆடும், மாலை வெயில் இறங்கினால் தானாக அடங்கிவிடும். கதிர் விலகியிருக்கும் என்று மேலதிகாரி என்னை மாடிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார், நானும் வேகாத வெயிலில் திருகைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மதியம் குறிபார்க்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபோதுதான் புரிந்தது. எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் விளிம்பு, தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளிந்துகொண்டிருந்தது. வழி நெடுகச் சுட்ட கான்கிரீட், தகரக் கூரைகள், ஏசி வெளி யூனிட்கள். சூடும் குளிர்ச்சியும் கலக்கும் காற்றில் ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறும், நட்சத்திரம் மினுக்குவதும் இதனால்தான்.

இப்படிக் காற்று கலங்கிச் சுழல்வது (சுழல் என்போம்) மிதமாக இருக்கும்வரை இந்த மினுக்கத்தின் மாறுபாடு தூரத்தின் 11/6 அடுக்கில் ஏறும். தூரத்தைப் பாதியாக்கினால் அது பாதியாவதில்லை, சுமார் 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும்! நடுவில் ரிலே, அதாவது சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி, வைப்பதன் லாபமே இதுதான். 2008-ல் சஃபாரியும் உய்சலும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ரிலேக்களைத் தொடராக வைப்பது, இணையாக வைப்பது இரண்டையும் அலசியிருப்பார்கள். எங்களுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை, நடுவில் வாடகைக்குக் கிடைத்ததே ஒரே ஒரு மாடி.

முதலில் வந்த ஒளியை அப்படியே பெருக்கி அனுப்பும் பெட்டியை வைத்தோம். விலை குறைவு, ஆனால் இரைச்சலும் சேர்ந்தே பெருகியது. அப்புறம் பிட்டுகளைப் பிரித்தெடுத்துப் புதிதாக அனுப்பும் ரிலேவுக்கு மாறினோம், மதிய ஆட்டம் பெரும்பாலும் நின்றது. மூடுபனி வந்தால் இதுவும் திணறும், அது வேறு கணக்கு.

ஆனால் அந்த மாடி ஒரு கல்யாண மண்டபத்தினுடையது. கரன்ட் போனால் ரிலே படுக்கும், ரிலே படுத்தால் மொத்த இணைப்பும் படுக்கும். சரி என்று யூபிஎஸ் வைத்தோம். ஒரு முகூர்த்த நாளில் கரன்ட் இருந்தும் சிக்னல் துள்ளியது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கள் கதிருக்கு நேர் கீழே சுடக் கக்கிக்கொண்டிருக்கிறது. மண்டப மேலாளரோ, "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்கிறார்.

குழாயைத் திருப்பிவிட மூன்று வாரம் ஆனது. அதுவரை என் மேசையில் சுழல் கணக்குக்குப் பக்கத்திலேயே முகூர்த்த நாள் குறித்த தினசரி காலண்டரும் இருந்தது.