எந்த ஆறாம் கட்டை?

"அக்கா, ஆறாம் கட்டையில தண்ணி ஏறிட்டுது. பிள்ளைத்தாச்சி ஒராள் இருக்கிறா, கெதியா வாகனம் அனுப்புங்கோ."

இவ்வளவுதான். திருப்பிக் கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மாரிக்காலத்து இரவு, மின்சாரம் இல்லை. நான் வேலை செய்த தொண்டு அமைப்பின் அனர்த்தப் பிரிவில் அன்றைக்குத் தொலைபேசிக்குப் பொறுப்பு நான். கொப்பியில் நேரத்தையும் "ஆறாம் கட்டை" என்பதையும் எழுதினேன். கண்டி வீதிப் பக்கம் நின்ற எங்கள் வாகனத்துக்குச் செய்தியைக் கொடுத்தேன். சாரதி போனார், தேடினார், விசாரித்தார். அங்கே தண்ணீரும் இல்லை, பிள்ளைத்தாச்சியும் இல்லை.

அந்தப் பெண் இருந்தது நிலாவெளி வீதியின் ஆறாம் கட்டையில்.

நாற்பது நிமிடம் போனது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற குடும்பநல மாது ஒருவர் இருந்ததால் தாயும் பிள்ளையும் சுகமாகத் தப்பினார்கள். அவர் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் சில இரவுகளில் நினைப்பு வரும். பிழை என்னுடையது. "எந்த வீதி?" என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆறாம் கட்டை ஒன்றுதான். நான் வளர்ந்தது கண்டி வீதிப் பக்கம்.

வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: திருகோணமலையில் நாங்கள் இடத்தைக் கட்டையால் அளக்கிறவர்கள். கட்டை என்றால் மைல்கல். வீதியோரத்தில் கிலோமீற்றர் கல் வந்து எத்தனையோ காலம், ஆனால் வாயில் இன்னும் கட்டைதான். பட்டினத்திலிருந்து வெளியே போகும் கண்டி வீதிக்கும் நிலாவெளி வீதிக்கும் அநுராதபுர வீதிக்கும் தனித்தனியாகக் கட்டைகள். அந்தந்தப் பக்கத்து ஆளுக்குத் தன்னுடைய கட்டைதான் கட்டை. சிங்களத்தில் அதே இடத்தை "ஹயவெனி கணுவ" என்பார்கள். அரசாங்கப் படிவத்தில் கிராம உத்தியோகத்தர் பிரிவின் இலக்கம் இருக்கும். ஆக, ஓர் இடத்துக்கு மூன்று பெயர், ஒரு பெயருக்கு மூன்று இடம்.

அந்த இரவுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் கொப்பியோடு வந்தார்கள். எங்களுடையது, சாரதியுடையது, உள்ளூர் மீட்புக் குழுவுடையது. ஒரே சம்பவத்துக்கு மூன்று நேரம். பிறகு பார்த்தால் எங்கள் அலுவலகச் சுவர் மணிக்கூடு ஏழு நிமிடம் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் திருத்த ஒரு கதிரையும் இரண்டு நிமிடமும் போதும். வருடக்கணக்காக யாரும் ஏறவில்லை. "ஒன்றிணைந்த செயற்பாடு" என்று பதாகை கட்டி, பகல் சாப்பாடு கொடுத்து நடத்தும் பயிற்சிகளில் இந்த மணிக்கூட்டைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.

வாகனம் காணாது, படகு காணாது, ஆள் காணாது என்றுதான் அதுவரை நான் நம்பியிருந்தேன். கேட்க வேண்டியவற்றையும் அப்படித்தான் கேட்டோம். 1970இல் கலிபோர்னியாவில் பதின்மூன்று நாள் காட்டுத்தீ எரிந்து 16 பேர் இறந்த கதையைப் பிற்பாடு ஒரு பயிற்சியில் கேட்டேன். எங்களைவிட எத்தனையோ மடங்கு வசதி உள்ள தேசம். அங்கேயும் பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது, ஒவ்வொரு படைக்கும் ஒவ்வொரு வானொலி அலைவரிசை, ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர், யார் யாருக்குக் கட்டளை சொல்வது என்ற குழப்பம், ஒரே மேலாளரின் தலையில் அளவுக்கு மிஞ்சிய ஆட்கள். அனர்த்த நேரத்தில் யார் யாருக்குக் கீழே வேலை செய்வது என்று வகுக்கும், இன்றைக்குப் பல நாடுகளில் வழங்கும் சம்பவக் கட்டளை முறை அதிலிருந்துதான் பிறந்தது. ஒருவருக்குக் கீழே ஐந்து பேர் அளவில் இருந்தால் நல்லது, ஏழுக்கு மேல் வேண்டாம் என்பது அதிலுள்ள ஒரு விதி. நான் ஒருமுறை பத்தொன்பது வள்ளங்களை ஒற்றைக் கைத்தொலைபேசியால் "ஒருங்கிணைத்திருக்கிறேன்". பெருமைப்பட ஒன்றுமில்லை. அரைவாசி வள்ளம் எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

நாங்கள் செய்த முதல் வேலை பெயர்ப் பட்டியல். சொன்னால் சின்ன வேலை. செய்து முடிக்க இரண்டு மாரி போனது. கிராம உத்தியோகத்தர்களிடம் தொடங்கினோம். அவர்களுக்குப் பிரிவு தெரியும், ஒழுங்கையின் வாய்ப்பெயர் எல்லாருக்கும் தெரியாது. தபால்காரருக்குத் தெரியும். குடும்பநல மாதுமாருக்கு அவரைவிடவும் கூடத் தெரியும். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு கிழவி, எந்த ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் வந்தால் வாகனம் போகாது எல்லாம் அவர்களின் மனப்பாடம். மூதூர், கிண்ணியாப் பக்கத்து மீனவர்கள் இறங்குதுறைகளுக்குச் சொன்ன பெயர்களில் பாதி எந்த வரைபடத்திலும் இல்லை. ஓர் ஊரில் "ஆலடி" என்று எழுதிக்கொண்டு போய்ப் பார்த்தால் ஆலமரத்தைக் காணோம். எப்போதோ ஒரு புயலில் விழுந்துவிட்டதாம். மரம் போய்ப் பல வருடமாகியும் ஊருக்கு அது ஆலடிதான். வெளியிலிருந்து வரும் படைவீரன் இரவில் டோர்ச் லைற்றோடு ஆலமரத்தைத் தேடினால் என்ன கதி?

ஒவ்வொரு பெயரையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். சிங்களப் பெயரைத் தமிழ் எழுத்திலும் தமிழ்ப் பெயரைச் சிங்கள எழுத்திலும் பக்கத்தில் போட்டோம். வாசிக்கிறவர் பிழையாக உச்சரித்தாலும் கேட்கிறவருக்கு விளங்கினால் போதும். கட்டை வரும் இடமெல்லாம் வீதியின் பெயர் கட்டாயம். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸுக்கு அழைக்கும்போது எடுப்பவர் இந்த மாவட்டத்து ஆளாக இருக்க வேண்டியதில்லை. அவரிடம் "ஆறாம் கட்டை" என்றால் அவர் என்ன செய்வார்? "நிலாவெளி வீதி, ஆறாம் கட்டை, கோயிலுக்குக் கடற்கரைப் பக்கம்" என்று சொல்லப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பழக்கினோம். அவர்கள்தான் வீட்டில் பெரியவர்களைத் திருத்துகிறவர்கள்.

அடுத்தது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. செய்தி வாங்குகிறவர் தான் விளங்கிக்கொண்டதைத் தன் வாயால் சொல்ல வேண்டும், கொடுத்தவர் "ஓம், சரி" என்ற பிறகுதான் நகர வேண்டும். சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம். நடைமுறைக்கு வரவே இல்லை. காரணம் ஒரு சொல்: "சேர்."

மேலதிகாரி சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அவரைச் சந்தேகிப்பதாகப் படும் என்று கீழே உள்ளவர்கள் கூச்சப்பட்டார்கள். "விளங்கிச்சா?" "ஓம் சேர்." அத்தோடு முடிந்தது. விளங்காவிட்டாலும் "ஓம் சேர்"தான். நானும் அந்தப் பள்ளியில் படித்தவள்தான், எனவே மற்றவர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை.

பயிற்சியொன்றில் 1977 மார்ச் 27ஆம் திகதி தெனெரீப் தீவில் நடந்த விமான விபத்தைப் பற்றிச் சொன்னேன். பனிமூட்டத்தில் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்திலிருந்து "புறப்படும் நிலையில் இருக்கிறோம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் "ஓகே" என்று தொடங்கி, பொறுத்திருக்கச் சொன்னது. அந்தப் பிற்பகுதி, மற்ற விமானமும் அதே நேரம் பேசியதால் இரைச்சலில் அமுங்கிப்போனது. "மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ?" என்று விமானப் பொறியாளர் கேட்டிருக்கிறார். தலைமை விமானி விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தின் பெரிய ஆள். இன்னொரு தடவை கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதன் பிறகு வான்வழிப் பேச்சில் "புறப்பாடு" என்ற சொல்லை, உண்மையில் புறப்பட அனுமதி கொடுக்கும் அல்லது அந்த அனுமதியை ரத்துச்செய்யும் தறுவாயைத் தவிர வேறெங்கும் பாவிக்கக் கூடாது என்று விதி வந்தது. மண்டபம் அமைதியாக இருந்தது. பின்வரிசையில் இருந்த ஓய்வுபெறும் வயதுச் சிங்கள அதிகாரி ஒருவர் எழும்பி, "அப்ப பிழை எங்கட பக்கம்" என்றார் தமிழில். பெரியவர்கள் பக்கம் என்பது அவருடைய கருத்து. அடுத்த ஒத்திகையில் அவரே ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு, "மல்லி (தம்பி), நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்று கேட்கத் தொடங்கினார். பிறகு எல்லாருக்கும் வாய் திறந்தது. கீழே உள்ளவனுக்குத் துணிவைப் போதிப்பதைவிட மேலே உள்ளவரைக் கேட்கவைப்பது லேசு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

செய்தி கைமாறும் இடத்தில்தான் கூடுதலாகக் கொட்டுண்ணும். வெள்ளத்தோடு பாம்பும் வீட்டுக்குள் வரும். அப்படிப் புடையன் கடித்த ஒருவரை மீனவர் வள்ளத்தில் கரைக்குக் கொண்டுவந்து, அங்கே இன்னொரு குழு பாரமெடுத்து, அம்புலன்ஸில் ஏற்றி, வைத்தியசாலையில் ஒப்படைத்தார்கள். நான்கு கை. எத்தனை மணிக்குக் கடித்தது என்று வைத்தியர் கேட்டபோது நான்காவது கைக்குத் தெரியாது. முதற்கை திரும்பக் கடலுக்குப் போய்விட்டது. நோயாளி பேசும் நிலையில் இல்லை. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை அங்கே உண்டு, அதைச் செய்தார்கள், ஆள் பிழைத்தார். ஆனால் கடித்த நேரம் என்பது வள்ளக்காரருக்கு நன்றாகத் தெரிந்த விசயம். இசாத் தொழுகைக்கு பாங்கு சொன்ன நேரம் என்று பிறகு கேட்டபோது உடனே சொன்னார். கேட்க ஆள் இல்லாமல் போனதுதான்.

அதன் பிறகு எங்கள் முதலுதவிப் பைகளில் அகலமான வெள்ளைப் பிளாஸ்ரரும் மை அழியாத பேனையும் வைத்தோம். கடித்த நேரம், கட்டுப் போட்டிருந்தால் போட்ட நேரம், கொடுத்த மருந்து, கடைசியாகப் பார்த்தவரின் தொலைபேசி இலக்கம், எல்லாவற்றையும் எழுதி நோயாளியின் சட்டையில் ஒட்டுவது. கடதாசி நனையும், கசங்கும், ஒருவரின் பொக்கற்றில் வீட்டுக்கே போய்விடும். சட்டையில் ஒட்டினது ஆளோடு போகும்.

மண்ணெண்ணெய் விசயத்தைச் சொல்லாவிட்டால் இது நேர்மையான கட்டுரையாக இராது. கூட்டறிக்கைகளில் "மீனவ சமூகத்தின் ஒத்துழைப்புடன்" என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால் வள்ளத்தின் என்ஜினுக்கு ஊற்றிய எண்ணெய் இருக்கிறது. கிண்ணியாவைச் சேர்ந்த நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் ஒத்திகை நாளில் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "தங்கச்சி, வாறதுக்கு நாங்க ரெடி. எண்ணெய்க்காசு ஆரு தாற?" மேடையில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். போன மாரியில் மூன்று நாள் ஓடியவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை, சான்றிதழ் ஒன்று கிடைத்தது. 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் கிடந்த மனிதர்கள் இவர்கள். ஒத்துழையாமை, உணர்வின்மை என்று நாங்கள் அறிக்கையில் எழுதிய பல, உண்மையில் இந்தக் கடன்தான். மாரி தொடங்கமுன் ஒரு தொகையை ஒதுக்கி, வள்ளம் திரும்பிய அன்றே எண்ணெயை அளந்து கொடுக்கும் ஏற்பாடு வந்த பிறகு அழைத்தவுடன் வராத வள்ளத்தை நான் காணவில்லை. ஏற்பாடும் இலகுவில் வரவில்லை. பற்றுச்சீட்டு இல்லாமல் எண்ணெய் கொடுக்கக் கணக்காளரைச் சம்மதிக்க வைத்த கதை தனி.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் இரண்டு வரி. நூற்றுச் சொச்சம் பேர், விடிய ஐந்து மணிக்கே தாமரைப்பூவோடு காலை வணக்கம். ஒருமுறை படகு கேட்டு வந்த செய்தி பன்னிரண்டு பூக்களுக்குக் கீழே கிடந்தது. தேவைகளுக்கு மட்டும் தனிக்குழு ஆக்கினோம். குரல்பதிவு வேண்டாம், எழுத்து மட்டும்: இடம், எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு, எந்த வழியால் வரலாம், இப்போது நேரம் என்ன. தண்ணீரை அடியில் எழுதினால் ஆளுக்காள் வேறுபடும், ஆகவே கணுக்கால், முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பூ போட்டவரை வெளியேற்றும் அதிகாரம் எனக்கிருந்தது. இரண்டு பெரிய மனிதர்களை வெளியேற்றியிருக்கிறேன். ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது இந்தப் பட்டியல் முதற்தடவையாகச் சோதனைக்கு வந்தது. கொரோனாக் காலம் வேறு. ஆட்களை முன்கூட்டியே இடம்பெயர்த்துப் பாடசாலைகளில் தங்கவைக்கவும் வேண்டும், நெருக்கி இருத்தவும் கூடாது. காற்று பயந்த அளவுக்கு அடிக்கவில்லை. அதனால் நாங்கள் திறமாகச் செய்தோம் என்று மார்தட்ட எனக்கு மனமில்லை. ஆனால் அன்றிரவு எந்த வாகனமும் பிழையான கட்டைக்குப் போகவில்லை. சுவர் மணிக்கூடும் சரியாக ஓடியது.

நான் அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன். தொலைபேசி இலக்கத்தை மட்டும் மாற்றவில்லை. அண்மையில் ஒரு மழை இரவு, பேர் தெரியாத இளம் கடற்படை வீரன் ஒருவன் அழைப்பு எடுத்தான். "அக்கா" என்றான். இரண்டு மொழியிலும் அந்தச் சொல் ஒன்றுதான், எனவே யார் என்று பிடிபடக் கொஞ்சம் நேரம் சென்றது. பட்டியலின் அடியில் என் இலக்கம் இன்னும் இருக்கிறதாம். "வம்மியடி" என்று ஒரு தாய் சொல்கிறார், பட்டியலில் இல்லை, எங்கே என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. அந்தத் தாயிடமே தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். எந்த வீதி அம்மா, பக்கத்தில் கோயிலா பள்ளிவாசலா, தண்ணி முழங்காலா இடுப்பா என்று கேட்டு, அவனுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். கடைசியில் தானாகவே கேட்டான்: "அக்கா, இப்ப உங்கட மணிக்கூட்டில நேரம் என்ன?"

ஒன்பது இருபத்திரண்டு என்றேன். தன்னுடையதிலும் அதுதான் என்று சொல்லி வைத்தான்.