ஏற்காட்டுத் தேனில் எந்தப் பூ?

நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் எங்கள் தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. கோடை மழை விழுந்து காப்பி பூத்து முடிந்ததும் எடுத்த தேனைக் ‘காப்பிப்பூத் தேன்’ என்று பெயர் போட்டுத் தரமுடியுமா என்று சேலத்துக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். பெயர் போட்டால் அது உண்மையாக இருக்க வேண்டும். மகரந்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் எனக்குத் தெரிந்த தாவரவியல் பேராசிரியை. அவருடைய ஆய்வகத்திலேயே செய்தோம்.

அடையைக் கையால் பிழிந்த தேன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிழியும்போது தேனீ சேமித்து வைத்த மகரந்த அறைகளும் நசுங்கிக் கலந்துவிடும், கணக்கே மாறிப்போகும். எந்திரத்தில் சுற்றி எடுத்ததைக் கொடுத்தேன்.

10 கிராம் தேன், 20 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். கரைத்து, சென்ட்ரிஃப்யூஜ் என்ற அதிவேகச் சுழல் கருவியில் சுற்றி, மேலே நிற்கும் நீரைக் கொட்டினால் அடியில் மங்கலாக ஒரு படிவு மிஞ்சும். தேனிலிருந்த மகரந்தமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அடுத்தது அமிலக் கலவை: அசிட்டிக் அன்ஹைட்ரைடு 9 பங்கு, கந்தக அமிலம் 1 பங்கு. தண்ணீர் பட்டால் சீறும், அதனால் என்னைத் தள்ளியே நிற்கச் சொன்னார். உள்ளிருப்பதெல்லாம் கரைந்து மகரந்தத்தின் மேலோடு மட்டும் நிற்கும், வேலைப்பாடு துல்லியமாகத் தெரியும்.

ஆனால் தெரிந்தால் போதுமா? “பூவைக் கொண்டாங்க, அப்புறம் பேர் சொல்றேன்” என்றார். சரி என்று தோட்டத்தைச் சுற்றிக் காப்பி, சில்வர் ஓக், நாவல், ஆரஞ்சு, வேலியோரத் தொட்டாற்சிணுங்கி என்று பூத்ததையெல்லாம் தனித்தனிக் காகித உறையில் சேர்த்தேன். ஒவ்வொன்றின் மகரந்தத்துக்கும் நுண்ணோக்கியில் பார்க்க ஒரு ஸ்லைடு. என்னைக் கேட்டால் இந்தச் சோதனையின் உயிரே இதுதான். எங்கோ எடுத்த படத்தை வைத்துக்கொண்டு நம் மலைத் தேனுக்குப் பெயர் சொல்ல முடியாது. நாவல் மகரந்தமும் முக்கோணம், சில்வர் ஓக்கும் முக்கோணம். பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் சில்வர் ஓக் எவ்வளவு பெரியது என்று புரிந்தது. தொட்டாற்சிணுங்கியோ பொடிப்பொடியாக, நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு கிடந்தது.

300 மகரந்தத்துக்குக் குறையாமல் எண்ண வேண்டும். ஒரே பூவினுடையது 45 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பூவின் தேன் என்பது பொதுவான கணக்கு. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தொட்டாற்சிணுங்கி மகரந்தம் கொட்டிக் கிடந்தாலும் தேன் அதிலிருந்து வந்ததில்லை. ஆரஞ்சு தேனை அள்ளித் தந்தாலும் மகரந்தம் கொஞ்சமாகத்தான் தெரியும்.

எங்கள் தேனில் காப்பி நன்றாகவே இருந்தது, ஆனால் 45ஐத் தொடவில்லை. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் கணிசமாகக் கலந்திருந்தது. கடைக்காரரிடம் ‘ஏற்காடு மலைத் தேன்’ என்று மட்டும் போடச் சொல்லிவிட்டேன். அடுத்த பருவத்தில் காப்பி மொட்டு வெடிக்கும் முன்பே அடைகளைக் காலிசெய்து, பூ உதிர்ந்த உடனே தனியாகச் சுற்றி எடுத்து, அந்தத் தேனையும் எண்ணிப் பார்க்கப்போகிறோம்.