பனி கரையுமுன் மிளகாய் விதைத்தல்

ரொறன்ரோவில் மே மாத நடுப்பகுதியிலும் சில இரவுகளில் உறைபனி விழக்கூடும் என்பதால், மே 25க்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா தின விடுமுறையை ஒட்டியே இங்கு பலரும் தோட்டத்தில் கன்று நடுகிறார்கள். ஒக்டோபரில் மறுபடியும் குளிர் தொடங்கிவிடும். இடைப்பட்ட இந்தக் குறுகிய காலத்தை நம்பி மிளகாயையும் கத்தரியையும் நேரே நிலத்தில் விதைப்பவர், செடி பூத்துக் காய்க்கத் தொடங்கும் வேளையிலேயே குளிரையும் கண்டுவிடுவார். ஆகவே அவ்விரண்டையும் நடுவதற்கு எட்டு முதல் பத்து வாரங்களுக்கு முன்பே, அதாவது மார்ச் மாதத்திலேயே, வீட்டுக்குள் முளைக்க வைக்கிறேன்.

முதல் ஆண்டில், பகலில் வெயில் படும் இடமாயிற்றே என்று நாற்றுத் தட்டைக் குசினி யன்னல் விளிம்பில் வைத்தேன். மூன்று வாரமாகியும் ஒரு விதையேனும் தலைகாட்டவில்லை. விதை பழையது என்று முடிவுகட்டி, அதை விற்ற கடைக்காரரை மனத்துக்குள் திட்டிக்கொண்டேன். ஒரு நாள் இரவு தண்ணீர் ஊற்றும்போது மண்ணில் விரல் பட்டுச் சில்லிட்ட பிறகுதான் காரணம் விளங்கிற்று. மிளகாய் விதை நன்றாக முளைக்க 25 முதல் 30 பாகை வரை மண்ணில் சூடு வேண்டும். வெளிச்சம் இல்லாவிட்டாலும் அது முளைக்கும். நான் கொடுத்ததோ வெளிச்சமும் குளிரும். அதே பைக்கற்றில் மீந்திருந்த விதைகளைப் புதிதாக ஊன்றி, தட்டின் அடியில் மின்சாரத்தில் சூடாகும் விரிப்பொன்றைப் போட்டு வைத்தபோது, ஒன்பதாம் நாள் முதல் முளை கூன் விழுந்த முதுகோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்தது.

முளைத்தபின் தேவை தலைகீழாக மாறிவிடுகிறது. இனிச் சூட்டைவிட வெளிச்சமே முக்கியம். யன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதால், நாற்றுகள் நான்கைந்து நாட்களில் வெளிறி, நூல் போல நீண்டு, கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. விலை கூடிய விளக்கெல்லாம் வேண்டியதில்லை. சாதாரண எல்ஈடி குழல் விளக்கை நாற்றின் நுனிக்கு நான்கு விரற்கடை மேலே தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிட்டாலே தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்கிறது. விதைத்தோல் தொப்பி போல ஒட்டிக்கொண்டிருக்கும் நாற்றுகளின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துச் சற்றுப் பொறுத்திருந்தால் தோல் இளகிவிடும். பொறுமையின்றி நகத்தால் கிள்ளி, தோலோடு வித்திலையையும் பிய்த்தெறிந்தவன் நான்.

எனக்கு மிகுந்த இழப்பைத் தந்தது நாற்றழுகல். மாலையில் நிமிர்ந்து நின்ற கத்தரி நாற்றுகள் காலையில் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. இலைகள் பச்சையாகவே இருக்க, மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நீரூறிச் சுருங்கி மயிரிழையளவாகியிருந்தது. தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டதும், பழைய தயிர்க் கோப்பைகளைச் சரியாகக் கழுவாததும், அக்கறை என்ற பெயரில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதும் பூஞ்சைக்கு விருந்தாக அமைந்தன. இப்போது விதைப்பதற்கென்றே விற்கும் பீற் கலவையை, அதாவது சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி கலந்த மண்ணை, பயன்படுத்துகிறேன். தட்டின் அடியில் தண்ணீர் விட்டு, வேண்டிய அளவை மண்ணே உறிஞ்சியபின் மீதியை வடித்துவிடுகிறேன். சிறிய மின்விசிறியொன்றும் மெதுவாகச் சுழல்கிறது.

தக்காளியை நடுவதற்கு ஆறேழு வாரம் முன்பு விதைத்தால் போதும். பாகலும் வெண்டியும் வேரைக் கலைத்தால் சுணங்கிவிடுபவை என்பதால், அவற்றை ஏப்ரல் இறுதியில் தனித்தனிக் கோப்பைகளில் ஊன்றி, மண்கட்டி உடையாமல் நடுகிறேன்.

நாற்றுகளை வெளியே கொண்டுபோவதிலும் அவசரம் கூடாது. விளக்கின் கீழ் வளர்ந்தவற்றை ஒரு பிற்பகல் முழுவதும் வெயிலில் விட்டதில், இலைகள் வெந்து வெள்ளைக் கடதாசி போலாகிவிட்டன. இப்போது முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம் என்று தொடங்கி, பத்து நாட்களில் வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குகிறேன். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும் என்று வானிலை அறிவிப்புச் சொன்னால், விடுமுறை வந்து அயலவர் எல்லோரும் நட்டு முடித்திருந்தாலும், என் தட்டுகள் மறுபடியும் வீட்டுக்குள் வந்துவிடும்.